இரண்டாவது சாவி

காலையில் எங்கள் கிளையின் ஸ்ட்ராங் ரூமைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு சாவி அதிகாரியிடம். காஷ் பொறுப்பு என்னிடம் இருக்கும் மாதங்களில் மற்றது என்னிடம். அவர் சாவிக்கு மட்டும் கதவு திறக்காது, என் சாவிக்கு மட்டும் திறக்காது. இதில் எனக்கு ஒருபோதும் அவமானம் தோன்றியதில்லை. தனி மனிதன் எவனையும் முழுக்க நம்பிவிடக் கூடாது என்கிற பழைய ஞானத்தை இரும்பில் வார்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகளுக்காகப் பூமிக்கடியில் காத்திருக்கும் ராணுவத்தினருக்கும் இரண்டு சாவிகள்தான் என்று படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. ஒரே ஆள் கையை நீட்டி இரண்டையும் திருப்பிவிட முடியாத தூரத்தில் சாவித் துவாரங்கள். எங்கள் ஏற்பாடேதான். வித்தியாசம் பிறகுதான் உறைத்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் கதவு மூடியே கிடக்கும்; சந்தேகப்பட்டவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கேயோ சந்தேகம் என்பது இயந்திரத்தில் நேர்ந்துவிட்ட பழுது.

ஹெரால்ட் ஹெரிங் என்ற அமெரிக்க விமானப்படை மேஜர், வியட்நாமில் பணி செய்தவர், 1973-ல் ஏவுகணைப் பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். ஏவச் சொல்லி வரும் உத்தரவு சித்த சுவாதீனமுள்ள ஒரு ஜனாதிபதியிடமிருந்துதான் வருகிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவரைப் பயிற்சியிலிருந்து விலக்கினார்கள். கடைசியில் விமானப்படையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அது அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல என்பது விமானப்படையின் வாதம். மனசாட்சி உள்ளவன் தெரிந்துகொண்டாக வேண்டும் என்பது அவருடையது.

ஹெரிங் கேட்டது நியாயமான கேள்வி. விமானப்படை செய்தது அதன் தர்க்கப்படி சரி. நீ அடித்தால் நான் திருப்பி அடிப்பேன் என்ற மிரட்டல் பலிக்க வேண்டுமானால், திருப்பி அடிக்கிறவன் ஒரு கணம்கூடத் தயங்க மாட்டான் என்று எதிராளி நம்ப வேண்டும். கீழறையில் ஹெரிங் போன்றவர்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டால் மிரட்டல் பலவீனப்படும். அப்படியென்றால், சமாதானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டில் மனசாட்சியே பாதுகாப்புக் குறைபாடாகிறது. சில மாதங்களாக இதிலிருந்து என்னால் விடுபட முடியவில்லை.

என் நண்பர் ஒருவர், இந்தப் பத்திரிகை படிக்கிறவர்கள் பலருக்கும் தெரிந்தவர், வேறு மாதிரி பேசுகிறார். 1914-லும் 1939-லும் வல்லரசுகள் மோதிக்கொண்டன; 1945-க்குப் பிறகு அமெரிக்காவும் ரஷ்யாவும் நேருக்கு நேர் போருக்குப் போகவில்லை; உபதேசிகள் சாதிக்காததை குண்டு சாதித்தது என்பது அவர் கட்சி. கொரியாவிலும் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானத்திலும் செத்தவர்களை இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் அவர் வாதம் லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல.

போட்டியின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. 1945 ஜூலையில் அமெரிக்கா சோதித்தது. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன். பிறகு ஹைட்ரஜன் குண்டுகள், பிறகு கண்டம் தாண்டும் ஏவுகணைகள். கதையைவிட அதற்குள் இருக்கும் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுபதுகளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்னமாரா, எத்தனை அழித்தால் போதும் என்று கணக்குப் போட வைத்தார். சோவியத் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை, தொழில் திறனில் பாதி. இதற்குச் சுமார் 400 மெகாடன் போதும். அதற்கு மேல் இரட்டிப்பாக்கினாலும் சாவு எண்ணிக்கை பெரிதாக ஏறுவதில்லை. வரைபடத்தில் கோடு படுத்துவிடுகிறது. பெரிய நகரங்கள் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். வட்டி அட்டவணை பார்த்தே வயிறு வளர்க்கிறவனுக்கு இந்தக் கணக்கின் நடை அந்நியமானதல்ல; அதனால்தான் கூடுதலாகக் கூச்சமாக இருக்கிறது. போதும் என்று கண்டுபிடித்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை. 1967-ல் அமெரிக்காவிடம் 31,000-க்கு மேல். 1986-ல் சோவியத்திடம் ஏறக்குறைய 40,000.

1967 ஜூனில் நியூ ஜெர்சியில் கிளாஸ்பரோ என்ற சிற்றூரில் ஜான்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் சந்தித்தார்கள். ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் ஏற்பாட்டை மாஸ்கோவைச் சுற்றி ரஷ்யர்கள் அமைத்துக்கொண்டிருந்த சமயம். மக்னமாரா கொசிகினிடம் விளக்கினார்: நீங்கள் தடுப்பு அமைத்தால், அதைத் துளைக்க நாங்கள் ஏவுகணைகளைப் பெருக்குவோம், ஆகவே உங்கள் தற்காப்புதான் இருவருக்கும் ஆபத்து. கொசிகினுக்கு முகம் சிவந்துவிட்டதாக மக்னமாரா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தற்காப்புதான் ஒழுக்கம், தாக்குதல்தான் ஒழுக்கக்கேடு என்றாராம் கொசிகின்.

எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்கிற வார்த்தை. சொன்னவரும் லேசுப்பட்டவரல்ல. 1942-ல் முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடிலிருந்து ஜனங்களை வெளியேற்றும் வேலையை மேற்பார்த்தவர். நகரத்தைக் காப்பது என்றால் என்னவென்று கோப்புகளில் படித்துத் தெரிந்துகொண்ட ஆள் அல்ல. (அவர் பிரதமராக இருந்த அரசுதான் அடுத்த வருஷம் பிராகுக்கு டாங்கிகளை அனுப்பியது, அவரைப் புனிதராக்கும் உத்தேசம் எனக்கில்லை.) இருந்தாலும் கணக்கு மக்னமாராவின் பக்கம்தான் இருந்தது. ஐந்து வருஷம் கழித்து, 1972 மே மாதம் மாஸ்கோவில் நிக்ஸனும் பிரஷ்னேவும் ஒப்பந்தம் போட்டார்கள்: தடுப்பு ஏவுகணைகளை ஆளுக்கு இரண்டு இடங்களில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1974-ல் அதுவும் ஒன்றாகக் குறைந்தது.

இதன் தார்மீக அர்த்தம் என்ன? இரண்டு அரசுகள் தத்தம் பிரஜைகளைக் காப்பதில்லை என்று பரஸ்பரம் உறுதி செய்துகொடுத்தன. என் பிள்ளைகளை உன் கத்திக்கு எட்டும்படி விட்டு வைக்கிறேன், நீயும் அப்படியே செய். பணயமானவர்களிடம் தனியாக யாரும் சம்மதம் கேட்கவில்லை. விவேகமான ஒப்பந்தம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 2002-ல் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறியபோது உலகம் பத்திரமாகிவிடவில்லை. ஒரு காரியம் விவேகமாகவும் அதே சமயம் பார்க்கச் சகிக்காததாகவும் இருக்க முடியும் என்பதை ஒழுக்கவியல் புத்தகங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நண்பருக்குப் பதிலாக நான் கொண்டுபோனது 1983 செப்டம்பர் 26 இரவு. மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலத்தடிக் கண்காணிப்பு நிலையத்தில் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருந்தார். அதே மாதம் முதல் தேதிதான் சோவியத் போர் விமானம் ஒரு கொரியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியிருந்தது. இரு தரப்பும் முறுக்கேறியிருந்த நேரம். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டதாகச் செயற்கைக்கோள் சொல்லிற்று. பிறகு ஐந்து என்றது. பெத்ரோவ் அது பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை இயந்திரம் நெருப்பாக வாசித்திருக்கிறது. அதன்பின் விசாரணை. அவர் சொன்னபடி, பதிவேட்டை ஏன் எழுதவில்லை என்று கண்டித்தார்களாம். ஒரு கையில் டெலிபோன், மறு கையில் ஒலிவாங்கி, மூன்றாவது கை எனக்கில்லை என்பது அவர் பதில்.

பதிவேடு எழுதாததற்கு மெமோ! இந்த இடத்தில் பெத்ரோவை என் ஜாதி என்று தெரிந்துகொண்டேன். பாருங்கள், குண்டு உலகைக் காக்கவில்லை, குண்டின் தர்க்கம் யாரை வேண்டாமென்று விலக்குகிறதோ அந்தத் தயங்குகிற மனிதன்தான் காத்தான் என்று நண்பரிடம் சற்று வீறாகவே சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெத்ரோவ் ஏன் நம்பவில்லை என்று கேட்டார். ஐந்தே ஏவுகணைகளோடு யாரும் யுத்தம் ஆரம்பிக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார், தரை ராடாரும் ஊர்ஜிதம் செய்யவில்லை என்றேன். ஏன் ஆரம்பிக்க மாட்டார்கள்? பதிலடிக்குப் பயந்துதானே? அந்த மனுஷன் யோசித்ததே குண்டின் தர்க்கத்தில்தான் ஐயா என்றார்.

எனக்கு வாயடைத்துப்போயிற்று. பெத்ரோவிடம் இருந்தது ஹெரிங்கின் மனசாட்சி அல்ல. நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் காஷியரின் சந்தேகம். தான் வீரனல்ல, வேலையைத்தான் செய்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. தன் சகாக்கள் உத்தரவு இடவும் கீழ்ப்படியவுமே பழகிய முழுநேர ராணுவத்தினர், தனக்கு மட்டுமே சிவிலியன் படிப்பு வாய்த்தது என்று பிற்காலப் பேட்டியில் சொன்னார். 2017-ல் இறந்துபோனார். இன்றைக்கும் ஒன்பது நாடுகளிடம் ஏறக்குறைய 12,000 குண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஷிப்டு முறையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்றிரவு அந்த நாற்காலியில் அந்த சகாக்களில் ஒருவர் இருந்திருந்தால்? இதைத்தான் நண்பரிடம் கேட்டேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார்.