நகலும் குற்றமும்

வங்கியில் என் வேலையின் ஒரு பகுதி அசலிலிருந்து நகலைப் பிரிப்பது. சென்ற மாதம், பூ விற்கும் ஒரு அம்மாள் கட்ட வந்த பணத்தில் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் கள்ள நோட்டாக இருந்தது. விதிப்படி முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது கொடுத்தேன். பதில் நோட்டு கிடையாது. நான்கு தாள்கள் வரை மாதாந்திர அறிக்கையோடு போகும். ஐந்தானால் உடனே போலீஸ் நிலையம். “நானா சார் அடிச்சேன்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்பெயின் தெரு வியாபாரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி குறுக்கே வருகிறது. பார்ஸலோனா, மாட்ரிட் நடைபாதைகளில் ஸெனகல் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பைகளும் காலணிகளும் விற்கிறார்கள். பல, பிரபல கம்பெனிகளின் முத்திரை தாங்கிய போலிகள். விரிப்பின் நான்கு மூலைகளிலும் கயிறு. போலீஸ் தலை தெரிந்ததும் இழுத்தால் கடை மூட்டையாகிவிடும். விரிப்புக்கு அங்கே மன்ட்டா என்று பெயர், இவர்கள் மன்ட்டேரோக்கள்.

2010இல் சட்டம் சற்று இளகி, லாபம் 400 யூரோவைத் தாண்டாவிட்டால் அதைச் சில்லறைத் தவறாகக் கொண்டது. 2015 திருத்தம் அந்த இடைவெளியை அடைத்தது: ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. சிறு வழக்குகளில் நீதிபதி அபராதத்தோடு விடலாம். ஆனால் குற்றப் பதிவு நிற்கும். பதிவு இருந்தால் வசிப்புரிமைக் காகிதம் கிடைப்பது அரிது. காகிதம் இல்லாமல் முறையான வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு மீண்டும் விரிப்பு. அதே 2015இல் பார்ஸலோனாவில் விற்பவர்களே சங்கம் அமைத்தார்கள். ட்ராஸ் லா மன்ட்டா என்ற ஆதரவாளர் குழு அவர்களோடு நின்றது. பிழைத்திருப்பது குற்றமல்ல என்பது அவர்கள் கோஷம்.

“போலிதானே விற்றான்? வழக்கு எப்படி அநியாயமாகும்?” என்றார் நண்பர் ஒருவர். வறுமை என்று பதில் சொல்வது சுலபம். ஆனால் அது மன்னிப்புக் கேட்பது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையை மட்டும் பேரம் பேசுவது.

நமக்கு அநியாய வழக்கு என்றால் கோவலன் வழக்குத்தான். அவனும் பிழைக்க வந்த ஊரில், தெருவில், கையில் ஒரு பொருளோடு நின்றவன். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது, அரசன் விழுந்தான். நம் நீதியுணர்ச்சி அந்தச் சிலம்புக்குள் வார்க்கப்பட்டது. மன்ட்டேரோவின் பையைக் கிழித்தால் மாணிக்கம் தெறிக்காது. அப்போது கண்ணகிக்கு வழக்கே இல்லையா?

உண்டு என்றே நினைக்கிறேன். மலிவு விலைக்கு நடைபாதையில் வாங்குகிறவன் அது போலி என்று தெரிந்தேதான் வாங்குகிறான். அவன் ஏமாறவில்லை. நஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது கம்பெனியினுடையது. சிவில் வழக்கில் தீர்த்துக்கொள்ளக்கூடியது. அதற்கு அரசு தன் சிறைச்சாலையை இரவல் கொடுப்பதுதான் அநியாயம். இதைச் சொல்ல விற்றவன் உத்தமனாக இருக்கவேண்டிய அவசியமில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்காமல் அந்தக் குழுவினர் பக்கத்தில் நின்றதைத்தான் நான் மதிக்கிறேன். நாம் அனுதாபப்படுகிறவர்கள், முதலில் கையைக் காட்டச் சொல்லுவோம்.

2017இல் சங்கம், தங்களைக் குறிக்கும் டாப் மன்ட்டா என்ற பெயரையே சொந்த வியாபார முத்திரையாகப் பதிவு செய்தது. முத்திரையை மீறியதாகத் துரத்தப்பட்டவர்கள் கையில் இப்போது ஒரு முத்திரை. சந்தோஷம்தான். ஆனால் சங்கடமும் இருக்கிறது. அசலாகிவிட்டவனைக் காட்டி, ஆகாதவனை இன்னும் சுலபமாகத் தண்டிக்கலாம் அல்லவா?

நான் குத்திய முத்திரை பொய்யில்லை; தாள் கள்ளத் தாள்தான். அது தாளைப் பற்றிய தீர்ப்பு. அந்த அம்மாள் கேட்டது தன்னைப் பற்றி. இப்போதெல்லாம் அவர் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.