தனிப் பாத்தி

பீங்கான் கலத்தை விரலால் தட்டி, எழும் ஓசையிலேயே விரிசலை அறிவது நம் விருத்தாசலத்தார்க்குப் பழகிய கலை. காய்கறியில் தங்கிய நஞ்சோ கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாது. ஆய்வுக்கூடத்தில் காயை அரைத்து, நஞ்சைப் பிரித்தெடுத்து, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று கருவிதான் அளந்து சொல்ல வேண்டும்.

2015இல் தமிழகக் காய்கறிகளில் நஞ்சின் எச்சம் மிகுதி என்று கேரளம் குறைகூறியபோது நாம் வருந்தினோம். எனினும் நம் உள்ளத்தைச் சோதித்தோமா? மருந்து தெளித்தபின் பறிப்பதற்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற விதி உண்டு. வெண்டையோ, ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிடில் முற்றி விலையிழக்கும். ஆகவே அவ்விதி மீறப்படுகிறது. ஆனால் தம் வீட்டுக்கென மருந்து படாத தனிப் பாத்தி வைப்போரும் உளர். தம் பிள்ளைக்கு ஆகாதது பிறர் பிள்ளைக்கு ஆகும் என்பது எவ்வகை அறம்? அயலான் யார் என்ற பழைய வினாவுக்கு, நம் காயை உண்பவர் யாவரும் என்பதே விடை.

உழவரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. புழுத்துளை கண்ட கத்தரிக்காயைக் கூடையிலேயே தள்ளிவிட்டு, மினுமினுக்கும் காயைத் தேடி எடுப்பவர் நாமே. அந்த மினுக்கத்திற்காகவே அவர் மீண்டும் தெளிக்கிறார். அடுத்த சந்தையில், துளையுள்ள காயையும் அதே விலைக்கு வாங்க நமக்கு மனம் வருமா?