அம்பு ஸ்டிக்கர்

ஆம்பூருக்குப் போய்விட்டு பிரியாணி சாப்பிடாமல் வந்தேன் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். சாப்பிட்டேன். சீரக சம்பா, கூடவே கத்தரிக்காய். ஆனால், இந்த வாரம் எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. சாப்பிட்ட திருப்தியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, ஒரு அம்மா கேட்ட கேள்வியைப் பற்றி.

ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக செக்கிங் வேலை பார்ப்பவர். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் கேட்டார்.

“2019-ல எங்க ஓட்டை ரத்து பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா சார்? அன்னைக்கு ரெண்டு ஓட்டு போட வேண்டியது. எம்.எல்.ஏ. ஓட்டு போட்டேன். எம்.பி. ஓட்டு கிடையாதுன்னுட்டாங்க. அதே பூத்து, அதே விரலு. ஒண்ணு நல்ல ஓட்டு, இன்னொண்ணு கெட்ட ஓட்டா சார்?”

பஸ் வந்துவிட்டது. பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2019 ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு முன்பு, வேலூர் தொகுதி தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த் தரப்புக்கு நெருக்கமானவர் என்று சொல்லப்பட்ட ஒருவரின் சிமென்ட் கிடங்கில், வருமான வரித் துறை 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடித்தது. அரசியல் பழிவாங்கல் என்றது தி.மு.க. வழக்குப் பதிவானது. தேர்தல் ஆணையம் பரிந்துரைக்க, ஏப்ரல் 16 அன்று வேலூர் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். எதிர்த்து நின்ற ஏ.சி. சண்முகம் உயர் நீதிமன்றம் போனார். பலனில்லை. ஆனால், வேலூர் தொகுதிக்கு உள்ளேயே இருக்கும் ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் அதே 18-ம் தேதி ஜோராக நடந்தன!

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவாகத்தான் பார்க்கத் தெரியும். அன்றைக்கு ஒரு எம்.பி. வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 70 லட்சம். பிடிபட்டதோ அதைப் போல 15 மடங்குக்கும் மேல். அது யாருடைய பணம், எதற்கு என்பதைக் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும். ஆனால், இவ்வளவு பணம் புழங்குகிறது என்று தெரிந்த பிறகும் ஓர் ஆணையம் கண்ணை மூடிக்கொண்டு, “எல்லாரும் வரிசையில் வாங்க, ஓட்டு போடுங்க” என்று சொல்ல முடியுமா? முடியாது.

தோல் தொழில்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1990-களில் ஜெர்மனி சில ரசாயனங்களையும் சாயங்களையும் சொல்லி, அவை கலந்த தோல் வேண்டாம் என்றபோது இந்தப் பக்கத்துத் தொழிலே ஆடிப்போனது. விஷம் ட்ரம்மில் கலந்துவிட்டால், இந்தத் தோல் நல்லது, அந்தத் தோல் கெட்டது என்று பிரிக்க முடியாது. மொத்த லாட்டும் திரும்பி வரும். ஆணையத்தின் வாதமும் அதுதான். எந்த ஓட்டு வாங்கப்பட்டது, எது வாங்கப்படாதது என்று விரலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே, மொத்தமாக நிறுத்து.

நியாயம்தான். ஆனால், லாட் திரும்பி வந்தால் நஷ்டம் யாருக்கு? ரசாயனம் போட்டவருக்கு. வேலூரில் நஷ்டம் யாருக்கு வந்தது?

ஆகஸ்ட் 5-ம் தேதி மறுபடி தேர்தல். அதே கதிர் ஆனந்த், அதே சண்முகம். 8,141 ஓட்டு வித்தியாசத்தில் கதிர் ஆனந்த் ஜெயித்தார். நிற்பதற்கு அவருக்கு எந்தத் தடையும் இல்லை. குற்றம் நிரூபிக்கப்படாதவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதுவும் நியாயமே.

ஆனால், நடுவில் என்ன ஆயிற்று? ஜூன் 17-ல் புதிய மக்களவை கூடியது. பட்ஜெட் வந்தது. முத்தலாக் மசோதா ஜூலை 25-ல் நிறைவேறியது. ஆகஸ்ட் 5-ல் வேலூர்க்காரர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த அதே நாளில், காஷ்மீரின் 370-வது பிரிவு பற்றிய அறிவிப்பு மாநிலங்களவையில் வந்தது. மறுநாள் மக்களவையில் ஓட்டெடுப்பு. இதற்கெல்லாம் வேலூர் ஆதரவா, எதிர்ப்பா? இரண்டும் இல்லை. வேலூரின் நாற்காலி காலி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனை வீடுகளில் அந்த மசோதாக்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள்! அவர்கள் சார்பில் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு ஆள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை அழுத்தமாகச் சொன்னது. ‘மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும்.’ இன்றைக்கு நாடு முழுக்க எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. அதே வேலூரில், தேர்தலை யார் மாசு செய்தார்களோ தெரியாது, விலை கொடுத்தது மட்டும் ஓட்டர்!

அப்படியானால் ஆணையம் செய்தது தப்பா? இல்லை, பாதி செய்தது என்பேன். பாதிதான் செய்ய முடிந்தது என்பது இன்னும் சரி. பூத்தைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய ஆணையத்துக்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பணத்துக்கு அப்படிப் பிரிவு இல்லை. 2016-ல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் ரத்தான பிறகு, அந்த அதிகாரத்தை ஆணையம் மத்திய அரசிடம் கேட்டது. கிடைக்கவில்லை. 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று பட்டியல் நீண்டதுதான் மிச்சம். அம்பயர் கையில் விசிலைக் கொடுத்துவிட்டு, சிவப்பு அட்டையைப் பூட்டி வைத்துக்கொண்டவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? எல்லாக் கட்சியும்தான்.

ஓட்டர் மட்டும் ரொம்ப யோக்கியமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இரட்டைப் பதிவு முறையில் கொடுத்தவர் கணக்கு ஒன்று இருந்தால், வாங்கியவர் கணக்கும் ஒன்று இருந்தே தீரும். இரண்டும் சட்டப்படி குற்றம். ஆனால், அந்த அம்மா வாங்கியவரா, வாங்காதவரா? ஆணையத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதபோது வாங்காதவர் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? நிரூபிக்கும்வரை குற்றவாளி அல்ல என்ற சலுகை வேட்பாளருக்கு உண்டு, ஓட்டருக்குக் கிடையாதா?

நடுவர் என்றால் ஆட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர் என்று நாம் நினைக்கிறோம். நிறுத்துவது சுலபம். நிறுத்தியதற்கான காரணமும் அதன் கணக்கும் கடைசிவரை தெளிவாக இருக்க வேண்டும். 1977-ல் பஞ்சாபின் ஃபெரோஸ்பூரில் வாக்கு எண்ணும்போது கலவரம். ஆணையம் தொகுதி முழுவதற்கும் தேர்தலை ரத்து செய்தது. மொஹிந்தர் சிங் கில் என்ற வேட்பாளர் உச்ச நீதிமன்றம் போனார். அரசியல் சட்டத்தின் 324-வது பிரிவில் ஆணையத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டு என்ற நீதிமன்றம், கூடவே ஒன்று சொன்னது. உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் உத்தரவை எடை போட வேண்டும். பிறகு வந்து புதுக் காரணம் சொல்லக் கூடாது. அதிகாரம் எவ்வளவு பெரிசோ, காரணம் சொல்லும் கடமையும் அவ்வளவு பெரிசு.

பேலன்ஸ் ஷீட்டில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. தொட முடியாது, பூட்டி வைக்க முடியாது. ஆனால், போய்விட்டால் கடையே காலி. ஆணையத்தின் பெரிய சொத்து அதுதான். ஆணையர்களைத் தேர்வு செய்யும் குழுவில் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை. அதே டிசம்பரில் வந்த சட்டம், அவர் இடத்தில் ஒரு மத்திய அமைச்சரை உட்கார வைத்தது. ஆட்டக்காரர் பக்கம் இரண்டு ஓட்டு இருக்கும் குழு நடுவரைத் தேர்ந்தெடுத்தால், நடுவர் எவ்வளவு நேர்மையாக ஊதினாலும் கேலரியில் ஒரு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும்.

பஸ் ஏறும் முன் அந்த அம்மாவிடம், “நீங்க ஒரு ஜோடியை ரிஜெக்ட் பண்ணா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“சும்மா தூக்கிப் போட முடியாது சார். தப்பு எங்கன்னு காட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். எந்த மிஷின்ல, யாரு தைச்சதுன்னு பாத்து அந்த டேபிளுக்கே திருப்பி அனுப்பணும். இல்லன்னா நாளைக்கும் அதே தப்புதான் வரும்.”

வேலூரை ரிஜெக்ட் செய்தார்கள், சரி. அம்பு ஸ்டிக்கரை ஒட்டியது அந்த அம்மாவின் விரலில் அல்லவா?