ஒரு சதத்தில் நாணயம்

கணவரை இழந்த அம்மையார் ஒருவர், அவர் ஆண்டாண்டாகப் போத்தலொன்றில் சேர்த்துவைத்த சில்லறையை நாணய வியாபாரி ஒருவரிடம் கொண்டுசெல்கிறார் என வைத்துக்கொள்வோம். இடம் அமெரிக்கா. எல்லாம் ஆபிரகாம் லிங்கனின் தலை பொறித்த ஒரு சதக் காசுகள். கிளறிப் பார்க்கும் வியாபாரியின் கண்ணில், எழுத்துக்களும் ஆண்டும் இரட்டையாய்த் தெரியும் 1955ஆம் ஆண்டுச் சதமொன்று படுகிறது. அவர் முகத்தில் மாற்றமில்லை. "எல்லாவற்றுக்கும் பத்து டொலர் தரட்டுமா?" என்கிறார். அம்மையாரும் மகிழ்வுடன் சம்மதிக்கிறார். பொய் சொல்லப்படவில்லை, பலவந்தமும் இல்லை. இதிலே பாவம் எங்கே?

அந்தச் சதம் இன்று ஆயிரம் டொலருக்கும் மேலாக விலைபோவதுண்டு. பிலடெல்பியா நாணயசாலையில் அச்சு செய்யப்பட்டபோது உருவம் சற்றே விலகி இருமுறை பதிந்துவிட்டது. பிழையைக் கண்டபோது அவை ஏனைய காசுகளோடு கலந்துபோயிருந்தன. 20,000க்கு மேற்பட்டவை வெளியே போயின என்பர். அக்காலச் சிகரெட் இயந்திரங்களில் 25 சதத்தைப் போட்டால், 23 சதப் பெட்டியின் உறைக்குள்ளேயே மீதி இரண்டு சதமும் வரும். பல அவ்வாறு கைக்கு வந்தவைதாம். (புகைத்தவர்களுக்குப் புகையால் கிடைத்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.) அவர்கள் யாரையும் வஞ்சிக்கவில்லை. அரசாங்கம் ஒரு சதமென்று கொடுத்ததை ஒரு சதமென்றே பெற்றுக்கொண்டார்கள். வியாபாரியின் நிலை வேறு. அவர் அறிந்தவர் என்பதனாலன்றோ அம்மையார் அவரிடம் வந்தார்!

புனித தோமஸ் அக்குவினாஸ், விற்பவரின் கடமையைச் சொன்ன இடத்திலேயே வாங்குபவரையும் விட்டுவைக்கவில்லை. பொன்னைப் பித்தளையென எண்ணி ஒருவர் விற்க, அதை அறிந்தே வாங்குபவர் அநீதி செய்கிறார், ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பது அவர் தீர்ப்பு. ஆயினும் நியாய விலை ஊசிமுனையளவில் நிர்ணயிக்கக்கூடியதன்று, ஒருவகை மதிப்பீடே என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். காசுகளைத் தரமிடுவதற்கு இது நன்கு பொருந்தும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய பெரிய சதங்களுக்கென வகுத்த, 1 முதல் 70 வரையான அளவுகோலையே இன்று எல்லாக் காசுகளுக்கும் கொள்கிறார்கள். லிங்கனின் கன்ன எலும்பு தேய்ந்திருக்கிறதா, 1958 வரை பின்புறத்தில் இருந்த கோதுமைக் கதிர்களின் கோடுகள் தெரிகின்றனவா, செம்பின் செந்நிறம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 64ஆ 65ஆ என்பதில் தேர்ந்தவர்களே முரண்படுவர். அங்கே வியாபாரி தன் பக்கம் சற்றுச் சாய்ந்தால் நான் அவரைக் கடிந்துகொள்ள மாட்டேன். இரட்டைப் பதிவு உண்டா இல்லையா என்பது அப்படிப்பட்டதன்று. (ஷெல்டனே அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு தாழ்ந்தவற்றை வைத்துவிட்டார் என்பது, அவர் 1977இல் இறந்த பின்னரே வெளிவந்தது.)

நிலத்தில் புதையல் கண்டவன் வாய் திறவாமல் நிலத்தை வாங்கவில்லையா என வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் நேர்மையற்ற கண்காணிப்பாளனைப் பற்றியும் ஆண்டவர் உவமை சொன்னார். அவன் கணக்கெழுதிய விதத்தை நாம் பின்பற்றுவதில்லை. அவனிடம் விவேகத்தையும் இவனிடம் ஆர்வத்தையுமே பார்க்கச் சொன்னார். சரி, ஆண்டாண்டாய்க் கண்ணைப் பழக்கிய அறிவுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். காசின் பெறுமதியைச் சொல்லி, தன் பங்கையும் சொல்லி எடுத்துக்கொள்ளட்டும்.

வாங்கியாயிற்று என்றால்? அம்மையாரைத் தேடிப்போய் மிகுதியைக் கொடுக்க வேண்டும். இறந்திருந்தால் உரித்தாளிகளுக்கு, எவரையும் காணாவிடில் ஏழைகளுக்கு. தேடுவது அவ்வளவு கடினமாய் இராது. பற்றுச்சீட்டின் அடிக்கட்டையில் விலாசம் இருக்கும்.