எதிரே நிற்பவர்

தமிழில் ‘எதிர்’ என்னும் சொல் எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘எதிரி’ என்றால் நமக்குக் கேடு நினைப்பவன் என்று பொருள் கொள்கிறோம். ‘எதிர்கொள்ளுதல்’ என்றாலோ, இல்லம் தேடி வரும் விருந்தினரை வாயில்வரை நடந்து சென்று வரவேற்பதையும் குறிக்கிறோம். ‘எதிர்வீடு’ என்பது அவசர வேளையில் நாம் முதலில் கதவைத் தட்டும் வீடு. பகையும் விருந்தும் அண்டை உறவும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கின்றன. அப்படியானால், விளையாட்டுத் திடலில் நமக்கு எதிரே நிற்பவர் யார்? பகைவரா, விருந்தினரா? இது விளையாட்டோடு முடிந்துபோகும் வினா அன்று. தேர்விலும் தொழிலிலும் தேர்தலிலும் நமக்கு எதிரே ஒருவர் எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறார்.

இவ்வினாவை ஆராய, நமக்கு முற்றிலும் அந்நியமான ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அணி, அடுத்த ஊர் அணி என்று பேசத் தொடங்கினால் மனம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்; தொலைவிலுள்ளதை நடுநிலையோடு பார்க்கலாம். புதுச்சேரிவாசிகளுக்குப் பனிக்கட்டி என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கெடாதிருக்க உடைத்துப் போடும் கட்டியே நினைவுக்கு வரும். குளிர்நாடுகளிலோ குளமும் ஏரியும் உறைந்து இறுகிவிடுகின்றன. அந்தத் தளத்தின்மேல், அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு பொருத்திய காலணி அணிந்து, வளைந்த கோலால் ஒரு ரப்பர் வட்டை அடித்து விரட்டும் ஆட்டமே ஐஸ் ஹாக்கி. பக்கத்திற்கு ஆறு பேர். இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். நம் நாட்டில் லடாக்கில் இளைஞர்கள் குளிர்காலத்தில் இதை ஆடுகிறார்கள்.

அமெரிக்காவின் வடகோடியில் கனடாவை ஒட்டியுள்ள மாநிலம் மினசோட்டா. அதன் பல்கலைக்கழக ஆடவர் அணி 1920களின் தொடக்கத்திலிருந்து இந்த ஆட்டத்தை ஆடி வருகிறது. 1952 முதல் 1966 வரை அதன் பயிற்சியாளராகப் பெரும்பாலான ஆண்டுகள் இருந்தவர் ஜான் மரியூச்சி. அக்காலத்தில் பல அமெரிக்கக் கல்லூரிகள், வயதிலும் அனுபவத்திலும் மூத்த கனடா நாட்டு ஆட்டக்காரர்களை வரவழைத்து வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்தன. மரியூச்சி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே இடம் தர வேண்டும் என்றார். கனடா இளைஞர்களைப் பெரிதும் நம்பியிருந்த டென்வர் பல்கலைக்கழக அணியோடு ஆடவே மறுத்தார். ‘உன்னோடு ஆட மாட்டேன்’ என்னும் சொல் அந்த அணியின் வரலாற்றில் அன்றே ஒலித்துவிட்டது. அச்சொல்லை நாம் மீண்டும் சந்திப்போம்.

மரியூச்சியிடம் ஆடிய மாணவருள் ஒருவர் ஹெர்ப் புரூக்ஸ். 1960ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கிற்கான அமெரிக்க அணியில் ஏறத்தாழ இடம் பெற்றிருந்த அவர், போட்டி தொடங்கும் தறுவாயில் நீக்கப்பட்டார். அவர் இல்லாமலே அந்த அணி தங்கம் வென்றது. பின்னர் 1972இல் மினசோட்டாவின் பயிற்சியாளரான புரூக்ஸ், 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் அதற்கு அமெரிக்கக் கல்லூரிகளின் வாகையர் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

இவற்றுள் 1976ஆம் ஆண்டின் பட்டத்திற்குப் பின்னே ஒரு கசப்பான நிகழ்ச்சி உண்டு. அரையிறுதியில் மினசோட்டாவும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் மோதின. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே இரு அணியினரும் கைகலந்தனர். வெளியே அமர்ந்திருந்தவர்களும் உள்ளே குதித்தனர். ஆட்டம் நெடுநேரம் நின்றது. முடிவில் மினசோட்டா 4-2 என வென்றது. ஆனால் அன்று மூண்ட பகை, ஆட்டத்தோடு அடங்கிவிடவில்லை. எதிரே நிற்பவன் எதிரி என்னும் எண்ணம் எவ்வளவு எளிதில் முற்றிவிடுகிறது!

மூன்றாண்டுகள் சென்றன. 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்கு அமெரிக்க அணியை உருவாக்கும் பொறுப்பு புரூக்ஸிடம் வந்தது. அவர் தேர்ந்த இருபது பேருள் ஒன்பது பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்தவர். நால்வர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தவர். ஒருவரையொருவர் வெறுத்துப் பழகிய இளைஞர்கள் ஒரே சட்டையை அணிய வேண்டியதாயிற்று. அதைவிட வியப்பு, புரூக்ஸ் அவர்களுக்குக் கற்பித்த ஆட்டமுறை. ஐஸ் ஹாக்கியில் அன்று உலகையே ஆண்டது சோவியத் ஒன்றியம். அதன் ஓட்டத்தையும் வட்டைக் கைமாற்றும் நுட்பத்தையும் அவர் ஊன்றிக் கற்றார். தம் மாணவருக்கும் பயிற்றுவித்தார். யாரை வெல்ல வேண்டுமோ, அவரையே ஆசிரியராக ஏற்றார்.

ஒலிம்பிக்கிற்குச் சில நாள்களுக்கு முன், பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் நடந்த முன்னோட்ட ஆட்டத்தில் சோவியத் அணி இந்தக் கல்லூரி இளைஞர்களை 10-3 என நொறுக்கியது. பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிட் என்னும் சிற்றூரில் அதே இரு அணிகளும் மீண்டும் நேருக்கு நேர் நின்றன. அன்று மைக் எருசியோனி என்னும் அணித்தலைவர் அடித்த நான்காவது கோல், அமெரிக்காவுக்கு 4-3 என்னும் வெற்றியைத் தந்தது. எருசியோனி பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். இரண்டு நாள்கள் கழித்துப் பின்லாந்தை வென்று தங்கம் பெற்றபோது, அவர் தம் தோழர் அனைவரையும் வெற்றி மேடைமேல் அழைத்து ஏற்றிக்கொண்டார்.

இந்த வெற்றியை இன்றும் அமெரிக்கர் ஓர் அற்புதமாகவே போற்றுகின்றனர். அதன் பெருமை எங்கிருந்து வந்தது? தோற்றவரின் பெருமையிலிருந்தன்றோ! சோவியத் அணி எளிய அணியாக இருந்திருந்தால் அந்த 4-3 எவர் நினைவிலும் நின்றிராது. வென்றவரின் கழுத்தில் விழுந்த மாலையின் பாதி மலர்களைத் தொடுத்தவர்கள் எதிரே நின்றவர்களே.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. லேக் பிளாசிட் வெற்றி முடிந்து ஒரு மாதத்திற்குள், 1980 மார்ச் 21 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர், மாஸ்கோவில் நடக்கவிருந்த கோடைக்கால ஒலிம்பிக்கிற்குத் தம் நாட்டு அணிகள் செல்லா என உறுதியாக அறிவித்தார். பல நாடுகள் அவரைப் பின்பற்றின. எதிரே நிற்பவர் இருந்ததால் ஒரு நாடு அடைந்த பெருமையை உலகமே கண்ட அதே ஆண்டில், எதிரே நிற்கவே மாட்டோம் என்று அந்நாடு விலகிக்கொண்டது.

இனி நம் பக்கம் வருவோம். மாஸ்கோவுக்குச் சென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன்; தமிழகத்தவர்; சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றவர். பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி பெர்ட்ராம் அடிகளாரின் முயற்சியால் 1925இல் எழுந்த கல்லூரி அது. புல்தரை ஹாக்கியில் 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் மூன்று பதக்கங்களையும் பெற்றவை நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான். இம்மூன்றும் மாஸ்கோவுக்கு வரவில்லை. நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, பிரிட்டன் அணிகளும் வரவில்லை. ஆறே அணிகள் ஆடின. இந்தியா தான்சானியாவை 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் வென்றது. போலந்தோடும் ஸ்பெயினோடும் சமநிலை கண்டது. சோவியத் அணியை வீழ்த்தியது. ஜூலை 29 அன்று இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றது. இந்திய ஹாக்கியின் எட்டாவது ஒலிம்பிக் தங்கம் அது. அதன்பின் 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரீசிலும் வெண்கலம் கிடைத்தது. தங்கம் மீண்டும் கிட்டவில்லை.

ஒரே ஆண்டு, இரு ஹாக்கிகள், இரு தங்கங்கள். இரண்டின் புகழுக்கு வித்திட்ட ஆட்டங்களிலும் கோல் கணக்கு 4-3. எனினும் ஒன்றை உலகம் அற்புதம் என்கிறது. மற்றொன்றைக் குறித்துப் பேசும்போது, ‘பெரிய அணிகள் வராத போட்டிதானே’ என்னும் முணுமுணுப்பு எழாமல் இருப்பதில்லை. இது நேர்மையான தீர்ப்பா?

பாஸ்கரனும் அவர் தோழர்களும் எவரையும் தடுக்கவில்லை. வந்தவரோடு ஆடினார்கள், வியர்வை சிந்தினார்கள், வென்றார்கள். பதக்கம் உண்மையானது. ஆயினும் அவர்களுக்கு ஓர் இழப்பு நேர்ந்ததை மறுக்க முடியாது. பாகிஸ்தானையும் ஆஸ்திரேலியாவையும் வென்றிருப்பார்களா என்பதை அவர்களாலும் அறிய இயலாது, நம்மாலும் இயலாது. எதிரணி வராமையால் நட்டம் அடைபவர் வராதவர் மட்டுமல்லர், வென்றவரும்தான். தம்மை அளந்து காட்டும் அளவுகோல் அவர்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டது. நம் ஊர்ப் போட்டிகளில் எதிரணி வராதபோது நடுவர் ‘வாக் ஓவர்’ என்று அறிவிப்பதைக் கேட்டிருக்கிறோம். அடுத்த சுற்றுக்குப் போய்விட்டோம் என்று கைதட்டினாலும், ஆடி வென்ற களிப்பு அந்த மாலையில் இருப்பதில்லை.

இங்கே தான்சானியாவை நினைக்க வேண்டும். பதினெட்டுக் கோல்கள் வாங்கிய அணியை எவரும் பாராட்டுவதில்லை. ஆனால் பேரணிகள் காலியாக விட்ட இடத்தில் அவர்கள் வந்து நின்றார்கள். தோற்போம் என்று தெரிந்தும் எதிரே நிற்க வருபவர் இன்றேல், வெல்பவருக்கு ஆட்டமே இல்லை. தோற்பவர் ஆட்டத்திற்கு அளிக்கும் கொடையை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அவ்வாறாயின், எந்நிலையிலும் ஆட மறுப்பது தவறா என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி இது. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலகம் 1964 முதல் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கி வைத்தது. 1992இல்தான் அந்நாடு திரும்பி வந்தது. அந்த மறுப்பை நாம் குறைகூற முடியாது. ஏனெனில் அங்கே கறுப்பின ஆட்டக்காரருக்குத் திடலில் இடமே மறுக்கப்பட்டிருந்தது. உலகம் மறுத்தது, மறுக்கப்பட்டவருக்குக் கதவு திறப்பதற்காக. 1980ஆம் ஆண்டின் மறுப்போ, பல்லாண்டு உழைத்த வீரர்களின் வாய்ப்பைப் பறித்தது. படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு முற்றாக வெளியேறியது 1989இல்தான். அதற்குள் 1984இல் சோவியத் ஒன்றியமும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைப் புறக்கணித்துப் பதிலடி தந்துவிட்டது. எனவே ‘உன்னோடு ஆட மாட்டேன்’ என்பதை இவ்வாறு உரசிப் பார்க்கலாம்: இந்த மறுப்பால் திடல் விரிகிறதா, சுருங்குகிறதா? புறத்தே நிறுத்தப்பட்டவர் உள்ளே வருகிறாரா, உள்ளே இருந்தவரும் வெளியேறுகிறாரா? மரியூச்சியின் மறுப்பு இந்த உரைகல்லில் இருவகையாகவும் தெரிகிறது: உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது, எல்லை கடந்து படிக்க வந்த கனடா இளைஞருக்கு அதே கதவைச் சாத்தியது. நல்ல நோக்கத்தோடு செய்யும் செயலிலும் இவ்விரு முகங்கள் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

எதிரே நிற்பவரை விருந்தினராகக் கருதும் உள்ளத்திற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் இன்றும் மாலை வேளைகளில் இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்க் விளையாட்டைக் காணலாம். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற பழக்கங்களுள் அதுவும் ஒன்று. அந்த ஆட்டத்தின் பிறப்பைப் பற்றிக் கூறப்படும் செய்தி நம் சிந்தனைக்குரியது. தென்பிரான்சில் லா சியோத்தா என்னும் கடற்கரை ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓடிவந்து குண்டெறியும் ஆட்டம் ஒன்று வழக்கில் இருந்தது. அதில் வல்லவரான ஒருவரை மூட்டுவாதம் முடக்கியது. ஓட முடியாமல் ஒதுங்கி நின்ற அவருக்காக நண்பர்கள் ஆட்டத்தையே மாற்றினார்கள்: ஆடுதளத்தைச் சுருக்கினார்கள், எவரும் ஓட வேண்டாம், காலை ஊன்றி நின்றே எறியலாம் என்றார்கள். அவர் வெளியேறினால் வெற்றி எளிதாகியிருக்கும். அவர்களுக்கு அந்த வெற்றி வேண்டியிருக்கவில்லை. எதிரே அவர் வேண்டியிருந்தது.

நம் வாழ்வை இந்த ஒளியில் பார்ப்போம். வகுப்பில் முதலிடத்திற்குப் போட்டியிடும் தோழன் நோயுற்றுத் தேர்வுக்கு வராதபோது நம் பிள்ளை உள்ளூர மகிழ்ந்தால், அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறோமா? எதிர்க்கடை மூடப்பட்ட அன்று இனிப்பு வழங்கும் வணிகர், தம் கடையின் தரம் அன்றுமுதல் சரியத் தொடங்குவதை உணர்கிறாரா? சங்கங்களிலும் அமைப்புகளிலும் ‘போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்று மாலை சூட்டுகிறோம். ஒருமனதான அன்பால் அது நிகழ்ந்திருந்தால் நன்று. எதிரே நிற்க வந்தவரை மிரட்டியும் கெஞ்சியும் விலகச் செய்து நிகழ்ந்திருந்தால், அந்தப் பதவி வாக் ஓவரில் வந்த பதவியே. அதற்குரியவரைச் சோதித்துக் காட்டியவர் எவருமிலர்.

நம்மை எதிர்ப்பவர் நம் குறைகளை நம்மினும் நன்கறிவார். நம் வலிமையை வெளிக்கொணர்பவரும் அவரே. மினசோட்டா இளைஞர்களுக்குப் பாஸ்டன்காரர்கள் தோழர்களானதும், சோவியத் அணி ஆசிரியரானதும் இவ்வாறே. எனவே திடலில் இறங்கும் பிள்ளைகளுக்கு வெற்றியை வாழ்த்தி அனுப்பும்போது, எதிரணி நன்றாக ஆட வேண்டும் என்றும் சேர்த்து வாழ்த்துவோம். அந்த வாழ்த்து நாவில் வருவது முதலில் கடினமாகவே இருக்கும். வரப் பழகிவிட்டால், எதிரே நிற்பவரை நாம் எதிர்கொள்ளக் கற்றுவிட்டோம் என்பது பொருள்.