குழந்தை கேட்கும் சிறு ஜீவன்

பள்ளி விடுமுறை வந்ததும் நம் வீடுகளில் ஒரு கோரிக்கை எழுகிறது. "அத்தா, எனக்கு ஒரு ஹாம்ஸ்டர் வேணும்!" கன்னம் உப்ப விதை கொறிக்கும் அந்த உருண்டைப் பிராணியைக் கடையில் கண்ட பிள்ளை, அவ்விடம் விட்டு நகர மறுக்கிறது. விலையும் அதிகமில்லை. வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு மகிழ்ச்சி, நமக்கும் நிம்மதி. ஆனால், நாம் வாங்குவது பொம்மையா, உயிரா என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்கிறோமா?

"எலியைக் காசு கொடுத்து வாங்குவதா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சாக்கடை எலியின் சிறுநீரால் பரவும் நோயை அறிந்த நாட்டில் அந்த அச்சம் இயல்பே. ஆயினும், பண்டங்களைக் கெடுக்கும் எலி வேறு. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த இவை வேறு. தொட்டபின் கை கழுவும் பழக்கம் மட்டும் இவற்றுக்கும் அவசியம். மார்க்கச் சட்டத்தில் ஐயமுள்ளோர் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவாராக. நாம் பேச வந்தது, வாங்கியபின் அந்த உயிருக்கு யார் பொறுப்பு என்பதை.

அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவி வைத்திருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அக்குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தியை நாம் அறிவோம். குழந்தை ஒரு ஜீவனோடு விளையாடலாம் என்பதற்கு உலமாக்கள் இதனைச் சான்றாகக் கொண்டனர். அதே நபிமொழித் தொகுப்புகளில்தான், ஒரு பூனையை அடைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த கதியும் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அடைத்து வைப்பவர் எவரோ, அவரே பொறுப்பாளி.

நாம் அறிந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒற்றை ஹாம்ஸ்டர் தனியாயிருப்பது பாவம் என்று எண்ணிய தந்தை, அதே கூண்டில் இன்னொன்றையும் விட்டார். சில நாளில், விடியற்காலையில் ஒன்று கடிபட்டு இறந்து கிடந்தது. தான் என்ன தவறு செய்தோம் என்று சிறுமி அழுதாள். தவறு அவளுடையதன்று. வளர்ந்த சிரியா ஹாம்ஸ்டர் தன் இனத்தோடும் கூடி வாழாது. அந்தத் தந்தையிடம் இரக்கம் இருந்தது, அறிவு இல்லை. அறிவில்லாத இரக்கமும் கொல்லும்.

இன்று வீடுகளில் வளரும் சிரியா ஹாம்ஸ்டர்களுள் பெரும்பாலானவை 1930ஆம் ஆண்டு அலெப்போ நகரருகே பிடிக்கப்பட்ட ஒரே குடும்பத்தின் வழிவந்தவை. அவை பகலில் உறங்கி இரவில் விழிப்பவை. நம் பிள்ளையோ பகலில் பள்ளிக்கும், பிறகு மதரஸாவுக்கும் சென்று, இரவில் உறங்குவது. உறங்கும் பிராணியைத் தட்டி எழுப்பினால் அது கடிக்கிறது. பழியும் அதன் மீதே விழுகிறது!

கினிப்பன்றி பகலிலும் விழித்திருக்கும், எளிதில் கடிக்காது. பெயரைக் கேட்டு நம் வீட்டார் திடுக்கிட வேண்டாம். அது பன்றியன்று, கினி நாட்டதுமன்று. தென்னமெரிக்க மலைநாட்டில் மனிதரோடு வளர்ந்த கொறிக்கும் பிராணி அது. மலாய் அண்டை வீட்டார் அதைத் 'திக்குஸ் பெலாந்தா', அதாவது டச்சுக்காரர் எலி என்பர். ஆனால், அதற்குத் துணை வேண்டும். விசாலமான கூண்டு வேண்டும். நாள்தோறும் உலர்புல்லும் வைட்டமின் சி உள்ள காய்கறியும் வேண்டும். ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழக்கூடியது. இரண்டு இனத்துக்குமே வெப்பம் ஆகாது. பிற்பகலில் 32, 33 டிகிரி கொதிக்கும் கிள்ளான் வீட்டின் முன்கூடம் அவற்றுக்கு அடுப்பங்கரையே.

ஆகவே நம் கருத்து இது: சிறு குழந்தைக்கு ஹாம்ஸ்டர் பொருந்தாது. காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடமும், தினந்தோறும் கவனிக்கப் பெரியவர் ஒருவரும் இருந்தால், இரு பெண் கினிப்பன்றிகளை வளர்க்கலாம். இல்லையேல், "இப்போது வேண்டாம், கண்ணே" என்று காரணம் சொல்லி மறுப்பதே மேல். தெருப்பூனைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். இரக்கம் அங்கிருந்தும் தொடங்கும்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியின் தேவைகளைக் கவனிப்பது அதன் உரிமையாளர் கடமை. வதைப்பவர்க்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பத்து வயதுப் பிள்ளையைக் காட்டி நாம் தப்ப முடியுமா?

இன்னொன்று. ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. அது இறந்ததும் இரவோடிரவாக அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வைத்துப் பிள்ளையை ஏமாற்றுவோர் உண்டு. அது அன்பன்று. இறந்ததைச் சொல்லுங்கள்; சேர்ந்து புதையுங்கள்; அழவிடுங்கள். உயிர் மாற்றி வாங்கும் சரக்கன்று என்பதைப் பிள்ளை அன்றுதான் கற்கும்.

ஏற்ற அமானிதத்தைப் பேணும் மனத்தை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.