முள்ளும் முயற்சியும்

மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாப் பாலைவனத்தில், 1967-இல் தொடங்கிய நெடும்பந்தயம் நிகழும் கற்பாதைகளில், மோட்டார் சைக்கிளின் டயரில் கள்ளிமுள் தைத்துக் காற்று இறங்குவதை விதியென்று சொல்லிவிடலாமா என்ற வினா என் சிந்தையை நெடுநாளாக ஆட்கொண்டிருக்கிறது. முள் கிடக்குமிடம் நம் வசத்தில் இல்லைதான். ஆயினும், மணலில் பிடிப்பு வேண்டிக் காற்றழுத்தத்தை 12 பவுண்டுக்கும் கீழே இறக்கிவிட்டு, அதே வேகத்தில் பாறைமேல் பாய்ந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைக் கீறலாய்க் கிழியும்போது, அக்கிழிசலைப் பிராரப்தத்தின்மேல் சுமத்துவது தர்மமாகாது என்றே கருதுகிறேன். கனத்த டியூப் பூட்டுவதும், புறப்படுமுன் அழுத்தம் பார்ப்பதும், காற்றையே விலக்கி நுரைரப்பரால் டயரை நிரப்புவதும் புருஷப் பிரயத்தனமே. அந்நுரைரப்பர் முள்ளுக்கு அஞ்சாது; ஆனால் நெடுந்தூர வேகத்தில் சூடேறி அதுவும் சிதையக்கூடும் என்பதால், பூட்டும்போதே அதன்மேல் மசகுக் களிம்பு தடவி உராய்வைத் தணிக்கும் கடமை வீரனுக்கு எஞ்சியிருக்கிறது.